கிளவுட் டேட்டாபேஸும் பேக்கப்பும்: முதல் வாரத்திலேயே செய்து முடிக்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு மாலை. ஓர் அரிசி மண்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த பில்லிங் மென்பொருளில், ஒரே ஒரு வாடிக்கையாளரின் பாக்கித் தொகையைத் திருத்த வேண்டியிருந்தது. நேராக டேட்டாபேஸில் அப்டேட் கட்டளையை ஓட்டினேன். யாருடைய பாக்கி என்று சொல்லும் நிபந்தனையை எழுதாமல் விட்டுவிட்டேன். அத்தனை வாடிக்கையாளர்களின் பாக்கியும் ஒரே தொகையாக மாறிவிட்டது.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு தவறாமல் எடுக்கப்பட்டுக்கொண்டும் இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு தடவைகூட நான் மீட்டுப் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் மண்டியில் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். புதிதாக இந்த வேலையில் இறங்கும் யாருக்கும் அப்படி ஒரு மாலை வரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் தரும் ஆர்டிஎஸ் எனும் டேட்டாபேஸ் சேவை, அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மும்பை ரீஜன் (தரவு மையங்கள் இருக்கும் பகுதி). அதனால் கீழே உள்ள விவரங்கள் அதற்கானவை. வேறு நிறுவனத்தின் சேவையில் திரையும் பெயர்களும் மாறும். கவனிக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

இந்திய முகவரியில் கணக்குத் திறந்தால், ஏடபிள்யூஎஸ்-இன் இந்திய நிறுவனத்தின் பெயரில் பில் வரும். ரூபாயில் வரும், அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேரும். உட்காரும் முன்பே இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- ஒரு மின்னஞ்சல் முகவரி. இது நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருக்கட்டும். மென்பொருள் எழுதுபவரின் சொந்த ஜிமெயிலில் கணக்குத் திறந்துவிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் டேட்டாபேஸின் சாவியும் அவரோடு போய்விடும்.
- ஓடிபி வரக்கூடிய கைபேசி எண்.
- கிரெடிட் அல்லது டெபிட் அட்டை. சரிபார்ப்புக்காகச் சிறு தொகை பிடிப்பார்கள்.
- பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் போன்ற அரசு அடையாளம் ஒன்று. அதில் உள்ள பெயரும் கணக்கில் நீங்கள் எழுதும் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.
- ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண். முதல் பில் வருவதற்கு முன்பே வரி அமைப்புப் பக்கத்தில் அதைப் பதிந்துவிடுங்கள். அப்போதுதான் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகக் கணக்கில் கழித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓடிபி கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். பில் அந்த அளவைத் தாண்டும் மாதத்தில் தானாகக் கட்டப்பட்டிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பில்லிங் பக்கத்துக்குள் போய் நீங்களே கட்டுங்கள்.

இலவசக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 15 முதல் திறக்கப்படும் கணக்குகளுக்குப் பழைய 12 மாத இலவசம் கிடையாது. தொடக்கத்தில் 100 டாலர் வரவு, சில பயிற்சிகளைச் செய்தால் இன்னும் 100 டாலர் வரை. இலவசத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் 6 மாதம் முடிந்ததும், அல்லது வரவு தீர்ந்ததும், எது முதலில் வருகிறதோ அப்போது கணக்கு மூடப்படும். அந்தத் திட்டத்தில் பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. கற்றுக்கொள்ள அது போதும். ஒரு கடையின் உண்மையான கணக்கை அதில் வைக்காதீர்கள்; கட்டணத் திட்டத்துக்கு மாறிவிட்டுத் தொடங்குங்கள். மாறினாலும் மீதி வரவு கையில் இருக்கும்.

2. கணக்கு திறந்த அன்றே மூன்று வேலைகள்

ரூட் பயனருக்கு, அதாவது கணக்கில் எல்லா அதிகாரமும் உள்ள முதல் பயனருக்கு, இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். அன்றாட வேலைக்குத் தனிப் பயனர் ஒன்றை உருவாக்கிக்கொண்டு ரூட்டிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மூன்றாவதாக, பட்ஜெட் பகுதியில் ஒரு மாதத் தொகையை வைத்து, அதில் 50%, 80%, 100% தொடும்போது மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை செலவைத் தடுத்து நிறுத்தாது, தகவல் மட்டும்தான் சொல்லும். அந்த மின்னஞ்சலை யார் பார்ப்பார் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

3. ரீஜனும் பதிப்பும்

திரையின் வலது மேல் மூலையில் எந்த ரீஜன் இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் உருவாக்காதீர்கள். வேறு ரீஜனில் உருவாக்கிவிட்டு, மறுநாள் மும்பைக்கு மாறிப் பார்த்து, ‘டேட்டாபேஸைக் காணோமே’ என்று தேடியவர்களை எனக்குத் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் சமூகம் ஒவ்வொரு பெரும் பதிப்பையும் வெளிவந்ததிலிருந்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் பராமரிக்கிறது. அந்தக் காலம் முடிந்த பதிப்பை ஆர்டிஎஸ்-இல் ஓட்டிக்கொண்டிருந்தால், நீட்டித்த ஆதரவு என்ற பெயரில் ஒவ்வொரு சிபியு-வுக்கும் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம் விழும். சிறிய இன்ஸ்டன்ஸில் (டேட்டாபேஸ் ஓடும் வாடகைக் கணினி) இந்தக் கூடுதல் தொகை இன்ஸ்டன்ஸின் வாடகையையே பல மடங்கு மிஞ்சிவிடும். பழைய வழிகாட்டியைப் பார்த்து 12, 13 என்று எடுக்காதீர்கள். புதிய திட்டத்துக்கு 16 அல்லது 17 எடுங்கள்.

4. உருவாக்கும் பக்கம்

இந்தப் பக்கத்தில் அரை மணி நேரம் செலவழியுங்கள். பின்னால் மாற்ற முடியாத சில முடிவுகள் இங்கேதான் எடுக்கப்படுகின்றன. ‘ஈஸி கிரியேட்’ வேண்டாம். எல்லா அமைப்பையும் காட்டும் வழியையே எடுங்கள்.

முதலில் வார்ப்புரு கேட்கும். புரொடக்‌ஷன் என்பதைத் தொட்டால் பெரிய இன்ஸ்டன்ஸ், இரட்டைப் பிரதி, விலை உயர்ந்த ஸ்டோரேஜ் என்று எல்லாமே தானாக நிரம்பிவிடும். ‘நம்முடையது உண்மையான தொழில்தானே, அதனால் புரொடக்‌ஷன்’ என்று பலர் அழுத்திவிடுகிறார்கள். பக்கத்தின் அடியில் மாதச் செலவின் மதிப்பீடு காட்டப்படும். கடைசி பொத்தானை அழுத்தும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். சிறு கடைக்கு டெவ்/டெஸ்ட் வார்ப்புருவில் தொடங்கி, வேண்டியதை மட்டும் கூட்டிக்கொள்வதே நல்லது.

இன்ஸ்டன்ஸ் வகையில் டி4ஜி மைக்ரோ என்பது 2 சிபியு, 1 ஜிபி நினைவகம். ஒரு மண்டி, ஒரு மருந்துக்கடை, ஒரு பள்ளியின் கட்டண வசூல் போன்றவற்றுக்குத் தொடங்க அது போதும். இதில் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை நினைவகத்தைப் பொறுத்தது. 1 ஜிபி-க்கு நூற்றுக்கு அக்கம்பக்கம் வரும். உங்கள் மென்பொருள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறக்கிறது என்றால் அந்த எண்ணை எளிதில் தொட்டுவிடுவீர்கள்.

ஸ்டோரேஜ் குறைந்தபட்சம் 20 ஜிபி. பின்னால் கூட்டலாம், குறைக்க முடியாது. 200 ஜிபி போட்டுவிட்டால், பிறகு புதிய இன்ஸ்டன்ஸுக்குத் தரவை மாற்றித்தான் சிறியதாக்க முடியும். எனவே 20-இல் தொடங்கி, தானாக வளரும் வசதியை இயக்கி, அதற்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள். இடம் முழுவதும் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்திவிடும்.

என்கிரிப்‌ஷனை (தரவைச் சாவியால் பூட்டி வைப்பதை) டேட்டாபேஸை உருவாக்கும்போதுதான் இயக்க முடியும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் அந்தக் குறியை இட வழியில்லை. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) எடுத்து, அதை என்கிரிப்ட் செய்து நகலெடுத்து, அதிலிருந்து புதிதாக மீட்க வேண்டும். எந்தச் சாவி என்று கேட்கும்போது இயல்பாக வரும் ஆர்டிஎஸ் சாவியையே விட்டுவிட்டால், பேக்கப்பை வேறொரு ஏடபிள்யூஎஸ் கணக்குடன் பகிர முடியாது. அப்படிப் பகிரும் எண்ணம் இருந்தால் கேஎம்எஸ் எனும் சாவிகளை வைக்கும் சேவையில் உங்கள் சொந்தச் சாவி ஒன்றை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். மாதம் 1 டாலர் ஆகும். அந்தச் சாவி அழிந்தால் அதில் பூட்டப்பட்ட பேக்கப் அத்தனையும் போச்சு, எனவே யாருக்கும் அதை நீக்கும் அனுமதி தராதீர்கள்.

பப்ளிக் ஆக்சஸ் (இணையத்திலிருந்து நேரடி அணுகல்): வேண்டாம் என்று போடுங்கள். ‘வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமே’ என்று திறந்துவிட்டால் இணையம் முழுவதும் கதவைத் தட்டும். தவிர, 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபி முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் 3.6 டாலர் அளவில் கட்டணமும் உண்டு.

பக்கத்தின் அடியில், கூடுதல் அமைப்பு என்ற மடிப்புக்குள், தொடக்க டேட்டாபேஸின் பெயர் கேட்கப்படும். அதைக் காலியாக விட்டால் நீங்கள் நினைத்த பெயரில் டேட்டாபேஸ் எதுவும் உருவாகாது. அதே மடிப்பில் டெலீஷன் புரொடெக்‌ஷன் என்ற, தவறுதலாக நீக்குவதைத் தடுக்கும் குறி இருக்கும். அதை இட்டுவிடுங்கள். பேக்கப் அமைப்பும் அங்கேதான். அதற்கு 6-ஆம் படியில் வருகிறேன்.

கடவுச்சொல்லை சீக்ரெட்ஸ் மேனேஜர் எனும் ரகசியங்களைக் காக்கும் சேவையிடம் ஒப்படைக்கவா என்றும் கேட்கும். ஒரு ரகசியத்துக்கு மாதம் 0.40 டாலர். வசதிதான், ஆனால் இயல்பாக 7 நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை அதுவே மாற்றும். மென்பொருளில் கடவுச்சொல்லைக் கையால் எழுதி வைத்திருந்தால் எட்டாம் நாள் எல்லாம் நின்றுபோகும். அங்கிருந்தே படித்துக்கொள்ளும்படி மென்பொருளை எழுதிவிட்டு அதை இயக்குங்கள்.

5. இணைப்பது

பொத்தானை அழுத்திச் சில நிமிடங்களில் நிலை ‘அவைலபிள்’ என்று மாறும். மென்பொருள் டேட்டாபேஸை அடையும் எண்ட்பாயிண்ட் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட் 5432.

செக்யூரிட்டி குரூப்பில் (யார் உள்ளே வரலாம் என்ற விதிப்பட்டியல்), உங்கள் மென்பொருள் ஓடும் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து மட்டும் 5432-க்கு அனுமதி கொடுங்கள். 0.0.0.0/0 என்று போட்டால் ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று பொருள்.

பிழைச் செய்தி வந்தால் பதற வேண்டாம். எந்த வகைப் பிழை என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். நீண்ட நேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால் செக்யூரிட்டி குரூப் அல்லது நெட்வொர்க். கடவுச்சொல் தவறு என்று உடனே சொன்னால் அது கடவுச்சொல்தான். ‘பிஜி ஹெச்பிஏ கோப்பில் பதிவு இல்லை, என்கிரிப்‌ஷன் இல்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால், நீங்கள் எஸ்எஸ்எல் (இணைப்பைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாமல் இணைகிறீர்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஆர்டிஎஸ்-இல் எஸ்எஸ்எல் கட்டாயம். இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, இல்லாத கோப்பைத் தேடி நான் ஒரு பிற்பகலைத் தொலைத்தேன். ஏடபிள்யூஎஸ் தரும் சான்றிதழ்த் தொகுப்பை இறக்கி, சான்றிதழை முழுமையாகச் சரிபார்க்கும் முறையிலேயே இணையுங்கள்.

மாஸ்டர் பயனரை, அதாவது டேட்டாபேஸோடு உருவான தலைமைப் பயனரை, மென்பொருளுக்குக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு பயனர், தேவையான அனுமதிகள் மட்டும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் இயல்பாக அமையும் இடம்) டேபிள் உருவாக்கும் உரிமை எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. புதிய பயனருக்கு அனுமதி இல்லை என்று வந்தால் அந்த உரிமையைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

6. பேக்கப் அமைப்பு

ஆர்டிஎஸ் உங்களுக்கு இரண்டு விதமான பேக்கப் தருகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஒன்று தானியங்கி பேக்கப். தினமும் ஒரு முறை முழு ஸ்னாப்ஷாட், அதோடு நடந்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஏடபிள்யூஎஸ்-இன் கோப்புக் கிடங்கான எஸ்3-க்குப் போய்ச் சேரும். இவை இரண்டையும் சேர்த்துத்தான் ‘நேற்று மாலை 6:39-க்கு எப்படி இருந்ததோ அப்படி’ என்று கேட்க முடிகிறது. 0 முதல் 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். திரை வழியாக உருவாக்கினால் இயல்பாக 7 நாள் வரும். கட்டளை வழியாகவோ ஸ்கிரிப்ட் வழியாகவோ உருவாக்கினால் 1 நாள்தான். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடைக் கணக்குக்கு 14 நாளுக்குக் குறையாமல் வையுங்கள் என்பது என் கருத்து. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் பல தவறுகள் கண்ணில் படுகின்றன, அதனால் நான் 35 வைத்திருக்கிறேன்.

இந்த எண்ணை 0 ஆக்கினால் பேக்கப் நிற்கும் என்பது மட்டுமல்ல, ஏற்கெனவே எடுத்து வைத்த தானியங்கி பேக்கப்புகளும் உடனே அழியும். ‘கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி போடலாம்’ என்று எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

இரண்டாவது, நீங்களே எடுக்கும் ஸ்னாப்ஷாட். இதற்குக் காலாவதி கிடையாது. நீங்கள் நீக்கும்வரை இருக்கும், கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன் ஒன்று எடுங்கள். பெயரில் தேதியும் காரணமும் இருக்கட்டும். நிதியாண்டு முடிந்த ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று எடுத்துத் தனியாக வைத்துவிடுவது என் வழக்கம்.

பேக்கப் எடுக்கும் நேரத்தை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் கேட்பார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 2:00 வேண்டுமென்றால் 20:30 என்று போட வேண்டும். 02:00 என்று போட்டால் காலை 7:30-க்கு, மண்டி திறந்து லாரி ஏற்றும் நேரத்தில் பேக்கப் தொடங்கும்.

அப்புறம், மல்ட்டி ஏஇசட் எனும் இரட்டைப் பிரதி பேக்கப் அல்ல. ஒரு தரவு மையம் விழுந்தால் ஓரிரு நிமிடத்தில் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். அதற்கு அது மிகவும் நல்லது, விலையும் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் நீங்கள் தவறாக ஓட்டிய அப்டேட் அதே கணத்தில் அந்தப் பிரதியிலும் எழுதப்பட்டுவிடும். ரீட் ரெப்ளிகாவும் (படிக்க மட்டும் வைக்கும் பிரதி) அப்படியே. என்னைப் போன்றவர்கள் செய்யும் தவறிலிருந்து இந்த இரண்டும் காப்பாற்றா.

7. மீட்டுப் பாருங்கள், உண்மையான தரவு வருவதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மைக்ரோ இன்ஸ்டன்ஸில் இரண்டு மூன்று மணி நேரம் ஒத்திகை பார்க்க ஒரு டீ விலைகூட ஆகாது.

ஒரு சோதனை டேபிள் உருவாக்கி நான்கு வரிகள் சேருங்கள். மணியைத் தாளில் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து அந்த வரிகளை அழித்துவிடுங்கள். மறுபடி மணியை எழுதுங்கள். இன்னும் பத்து நிமிடம் காத்திருந்தால் ‘கடைசியாக மீட்கக்கூடிய நேரம்’ உங்கள் அழிப்பைத் தாண்டியிருக்கும். இப்போது அந்த இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்து, ‘ரீஸ்டோர் டு பாயிண்ட் இன் டைம்’ என்பதை அழுத்தி, அழித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் என்று கொடுங்கள்.

நான் இடறிய இடங்கள் இங்கேதான் வரிசையாக வருகின்றன.

மீட்பு என்றால் பழைய டேட்டாபேஸ் பின்னோக்கிப் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்காது. ஆர்டிஎஸ் எப்போதும் புதிய இன்ஸ்டன்ஸ் ஒன்றைத்தான் உருவாக்கும், புதிய எண்ட்பாயிண்டுடன். பழையது கெட்டுப்போன தரவோடு அப்படியே இருக்கும். நான் பழையதையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து, ‘மீளவில்லையே’ என்று தவித்தேன்.

அடுத்தது நேரம். டேட்டாபேஸ் இயல்பாக யுடிசி-யில் ஓடும். மென்பொருளின் பதிவில் தவறு நடந்த நேரம் 13:10 என்று இருந்தது. மீட்பு திரையோ உலாவியின் நேரத்தை, அதாவது இந்திய நேரத்தைக் கேட்டது. நான் 13:09 என்று அப்படியே போட்டுவிட்டேன். உண்மையில் தவறு நடந்தது மாலை 6:40. ஐந்தரை மணி நேரப் பில்கள் இல்லாத டேட்டாபேஸ் ஒன்று வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. திரையில் நேரத்துக்குப் பக்கத்தில் யுடிசி+5:30 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை இடுங்கள்.

மூன்றாவது, செக்யூரிட்டி குரூப். மீட்பு பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய இன்ஸ்டன்ஸுக்கு இயல்பான குரூப் வந்துவிடும். மென்பொருளால் உள்ளே நுழைய முடியாது. பாராமீட்டர் குரூப்பையும் (டேட்டாபேஸின் அமைப்பு மதிப்புகளின் தொகுப்பு) அதே பக்கத்தில் சரிபாருங்கள். பழைய இன்ஸ்டன்ஸின் இந்த இரண்டு பெயர்களையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அந்த இரவில் தேட வேண்டியிருக்காது.

நான்காவது, வேகம். புதிய இன்ஸ்டன்ஸ் ‘அவைலபிள்’ என்று வந்த பிறகும் தரவு முழுவதும் அதன் வட்டில் வந்து சேர்ந்திருக்காது. கேட்கக் கேட்க எஸ்3-இலிருந்து கொண்டுவரும். அதனால் எந்த டேபிளையும் முதல் முறை படிக்கும்போது மிகவும் மெதுவாக இருக்கும். இன்ஸ்டன்ஸ் போதவில்லை என்று நினைத்து அளவை மாற்றப் போகாதீர்கள். முக்கியமான டேபிள்களை ஒரு முறை முழுதாகப் படிக்கும்படி கட்டளை ஓட்டிவிட்டு அப்புறம் ஆட்களை உள்ளே விடுங்கள்.

சரி, புதிய இன்ஸ்டன்ஸில் உங்கள் நான்கு வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த கேள்வி: இதை வைத்து என்ன செய்வது?

ஒரே ஒரு டேபிள்தான் கெட்டது என்றால் முழு டேட்டாபேஸையும் மாற்ற வேண்டாம். புதியதிலிருந்து அந்த டேபிளை மட்டும் பிஜி டம்ப் (தரவைக் கோப்பாக எடுக்கும் போஸ்ட்கிரெஸ் கருவி) கொண்டு எடுத்து, பழையதில் வேறு பெயரில் ஏற்றி, தவறான மதிப்புகளை அதைப் பார்த்துத் திருத்துங்கள். தவறு நடந்த பிறகு போட்ட பில்கள் அப்போது தப்பிக்கும். நானும் கடைசியில் இப்படித்தான் செய்தேன்.

எல்லாமே கெட்டுவிட்டது என்றால் பெயரை மாற்றும் வழி இருக்கிறது. முதலில் மென்பொருளை நிறுத்துங்கள். பழைய இன்ஸ்டன்ஸின் பெயரோடு ‘பழையது’ என்று ஒட்டுங்கள். அந்த மாற்றம் முடிந்ததும் புதியதற்குப் பழையதன் பெயரை வையுங்கள். எண்ட்பாயிண்ட் முகவரி பெயரை வைத்தே அமைவதால், மென்பொருளில் எதையும் மாற்றாமல் அது புதியதோடு பேசத் தொடங்கும். டிஎன்எஸ் (பெயரைக் கணினி முகவரியோடு இணைக்கும் பட்டியல்) மாறச் சில நிமிடங்கள் விடுங்கள். பழைய இன்ஸ்டன்ஸை அன்றே நீக்காதீர்கள். தவறுக்கு முந்தைய நாட்களின் தானியங்கி பேக்கப் அத்தனையும் அதோடுதான் இருக்கிறது. புதியதன் பேக்கப் வரலாறு பிறந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும்.

ஒத்திகை முடிந்ததும் மொத்தம் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். ‘எப்போது சரியாகும்?’ என்று கடைக்காரர் கேட்கும்போது அந்த எண்தான் உங்கள் பதில். சோதனை இன்ஸ்டன்ஸை நீக்க மறக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மறந்துபோன சோதனை இன்ஸ்டன்ஸ் மூன்று மாதம் ஓடியது.

8. கணக்குக்கு வெளியே ஒரு நகல்

மேலே சொன்ன எல்லா பேக்கப்பும் ஒரே ஏடபிள்யூஎஸ் கணக்குக்குள் இருக்கின்றன. பில் கட்டாமல் கணக்கு முடங்கினாலோ, கடவுச்சொல் தவறான கைக்குப் போனாலோ, டேட்டாபேஸும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது பிஜி டம்ப் எடுத்து வெளியே வையுங்கள்.

கஸ்டம் வடிவத்தில் எடுங்கள். அளவு சுருங்கும், வேண்டிய டேபிளை மட்டும் பிரித்தெடுக்கலாம். உங்கள் கணினியில் உள்ள பிஜி டம்ப், சர்வரின் பெரும் பதிப்பைவிடப் பழையதாக இருந்தால் ஓட மறுக்கும். பயனர்களும் அவர்களுடைய அனுமதிக் குழுக்களும் இதில் வராது. அவற்றுக்கு பிஜி டம்ப்ஆல் வேண்டும், அதுவும் கடவுச்சொற்களை விட்டுவிடச் சொல்லும் விருப்பத்தோடு; ஆர்டிஎஸ்-இல் மாஸ்டர் பயனருக்குக்கூடக் கடவுச்சொல் இருக்கும் டேபிளைப் படிக்க அனுமதி இல்லை.

இணையம் வழியாக வெளியே போகும் தரவில் மாதம் 100 ஜிபி வரை ஏடபிள்யூஎஸ் கட்டணம் வாங்குவதில்லை. சிறு கடையின் கணக்கு அதற்குள் அடங்கிவிடும். கோப்பை என்கிரிப்ட் செய்து, வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜிலோ உங்கள் அலுவலக ஹார்ட் டிஸ்க்கிலோ வையுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. பென்டிரைவில் போட்டு மேசையில் விட்டுச் செல்வது சரியல்ல.

தானாக ஓடும்படி வைத்துவிட்டால் கோப்பின் அளவையும் பாருங்கள். வட்டு நிரம்பி, இரண்டு வாரமாக 0 பைட் கோப்புகள் தேதி வரிசையில் அழகாக அடுக்கி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

9. எவ்வளவு ஆகும்

மாதத்துக்கு 730 மணி நேரம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். வடக்கு வர்ஜீனியாவின் விலைப்பட்டியலில் டி4ஜி மைக்ரோ போஸ்ட்கிரெஸ் மணிக்கு 0.016 டாலர்; மாதம் 11.68 டாலர். ‘ஜிபி3’ எனும் வட்டு வகையில் 20 ஜிபி ஸ்டோரேஜ், ஒரு ஜிபி-க்கு 0.115 வீதம் 2.30 டாலர். மொத்தம் 14 டாலர் அளவு, அதன் மேல் 18% வரி. மும்பையின் விலை இதிலிருந்து மாறும், ஆகவே உருவாக்கும் பக்கத்தின் மதிப்பீட்டையே நம்புங்கள். அந்த மதிப்பீட்டில் வரி சேராது.

பேக்கப்புக்கு, உங்கள் டேட்டாபேஸ்களின் மொத்த ஸ்டோரேஜ் அளவுக்குச் சமமான இடம் இலவசம். 20 ஜிபி டேட்டாபேஸ் என்றால் 20 ஜிபி பேக்கப். டேட்டாபேஸை நீக்கிவிட்டு ஸ்னாப்ஷாட்டை மட்டும் வைத்திருந்தால் அந்த இலவச அளவும் போய்விடும்.

செலவைக் குறைக்க ‘ஸ்டாப்’ செய்து வைப்பவர்களுக்கு: நிறுத்திய இன்ஸ்டன்ஸ் 7 நாளில் தானாக மறுபடி ஓடத் தொடங்கும். நிறுத்தி வைத்த நாட்களுக்கும் ஸ்டோரேஜ் கட்டணம் உண்டு.

10. நீக்கும் நாளில்

என்றாவது இந்த டேட்டாபேஸ் வேண்டாம் என்று ஆகும். டெலீஷன் புரொடெக்‌ஷனை எடுத்துவிட்டு நீக்கப் போனால் இரண்டு கேள்விகள் வரும். கடைசி ஸ்னாப்ஷாட் ஒன்று எடுக்கவா? தானியங்கி பேக்கப்புகளை வைத்துக்கொள்ளவா? உண்மையான தரவு இருந்த டேட்டாபேஸ் என்றால் முதல் கேள்விக்கு ஆம் என்றே சொல்லுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்றாலும் அவை நீங்கள் வைத்த நாள் கணக்குப்படி ஒவ்வொன்றாகக் காலாவதியாகும், நிரந்தரமாக இருக்காது. கடைசி ஸ்னாப்ஷாட்டின் நிலை ‘அவைலபிள்’ என்று மாறியதைப் பார்த்த பிறகு, அதிலிருந்து ஒரு சிறு இன்ஸ்டன்ஸை மீட்டு, கடைசி நாள் பில் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் முடிந்தது என்று சொல்லுங்கள்.